என் கைக்குக் கீழே உன் எழுத்து

மார்ச் 4

அண்ணா,

இல்லை, கோபத்தில் செய்யவில்லை. யோசித்துத்தான் உன் எண்ணை பிளாக் செய்தேன். அதனால் அம்மாவிடம் "அவளுக்குக் கோபம் ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்காதே. ஆறுவதற்கு இங்கே ஒன்றும் கொதிக்கவில்லை.

இனி உன்னோடு வீடியோவில் பேசமாட்டேன். மெசேஜும் அனுப்பமாட்டேன். கடிதம் எழுதுவேன். இதையும் நீ போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டலாம். காட்டு. இது என் கையெழுத்து. இதற்குக் கீழே நீ வேறு எழுத்தை ஓடவிட முடியாது.

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மெழுகு டின்னில் போனைச் சாய்த்துவைத்து, இரண்டு கையும் தெரியும்படி தள்ளி உட்கார்ந்து உன்னோடு பேசினேன். பல்செட்டு செய்யும் லேப் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபோது அம்மா அழுதாள். நீதான் சொன்னாய்: "போன் இருக்கும்மா. காது கேக்கலன்னா என்ன, கை தெரிஞ்சா போதும். அங்க இருந்தும் வாயாடுவா." அது உண்மை. இந்தச் சின்னக் கண்ணாடி இல்லையென்றால் எனக்கும் வீட்டுக்கும் நடுவில் பேச்சே இருந்திருக்காது. அதை நம்பித்தான் பேசினேன்.

நான் பேசியது இது: "லேப்ல பெரிய மேசை காலியாகுது. முதலாளி என்னைக் கூப்பிட்டிருக்கார். இந்தத் தடவை நீ வராதே. போன தடவை எனக்காக நீ பேசினது போதும். என் வாயை என்கிட்ட குடு."

நீ அதை எனக்குத் தெரியாமல் பதிவு செய்தாய். செவ்வாய்க்கிழமை எல்லோர் போனிலும் இருந்தேன். நெஞ்சுக்குக் கீழே வெட்டியிருக்கிறாய். பல இடங்களில் கை பாதிதான் தெரிகிறது. பின்னால் வயலின் வாசிக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு வயலின். கீழே எழுத்து ஓடுகிறது: "அண்ணா, நீ இல்லாம நான் இல்ல. நான் பேசாத வார்த்தையெல்லாம் நீ பேசுன. உன் குரல்தான் என் குரல்."

"வராதே" என்று நான் கையை வீசும் இடத்தில் "உன் குரல்தான் என் குரல்."

அழிக்கச் சொல்லவில்லை. கவனமாகப் படி. அழிக்காதே. திருத்து. நான் சொன்னதை என் கைக்குக் கீழே எழுது.

தங்கை

மார்ச் 9

வாலுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் எங்கள் கதவைத் தட்டி எத்தனை காலமோ. உன் அண்ணி ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்து கையெழுத்துப் போட என்னைத்தான் அனுப்பினாள். படித்த பிறகு அவள் பயந்தது சரிதான் என்று பட்டது.

நான் நாள் முழுக்க சோபா விற்கிறவன். வருகிறவர் "கட்டில் ஆடுதே" என்பார். "தரை சமமா இல்ல சார்" என்பேன். அது பொய்யா? நாலு பேர் மனம் நோகாமல் ஒரு பொருள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. உன் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். உன்னைப் பார்த்து எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? மாடி வீட்டுக்காரி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து தண்ணீர் மோட்டாருக்காக நம்மோடு சண்டை போடுகிறவள் அவள்.

உன் அண்ணி என்ன சொன்னாள் என்று கேள். "உங்க தங்கச்சி உங்கள வையற மாதிரில்ல இருந்துச்சு. நீங்க எழுதுனதுக்கு அப்புறந்தான் பொண்ணு முகத்துல ஒரு களையே வந்துச்சு."

எங்கள் கடை முதலாளி என்னை மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "தங்கச்சிய ஒரு நாள் வரச் சொல்லுப்பா. புது சோபால உக்காந்து கைய ஆட்டட்டும், மிச்சத்த நீ பேசிக்க. அப்படியே போன்லயே எடுத்துடுவோம், கேமராக்காரன் எதுக்கு" என்றார். நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். சிரிக்கிறாயா?

யாருக்கு என்ன நஷ்டம், சொல். எல்லோரும்தான் போடுகிறார்கள். பிள்ளை சோறு தின்றால் வீடியோ, தின்னாவிட்டால் வீடியோ. நான் என் தங்கையைப் போட்டேன். நாலு நல்ல வார்த்தையோடு போட்டேன்.

வேண்டுமென்றால் எடுத்துவிடுகிறேன். திருத்தமாட்டேன். "நீ வராதே" என்று என் தங்கை சொல்வதை நானே எழுதிப் போட்டால் நான் என்ன ஆவேன்? அதையும் கொஞ்சம் யோசி. நீ யோசிக்கிறவள்தானே.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

சிரிக்கவில்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். சொல்கிறேன்.

இங்கே மாவுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். அச்சுக்குப் பிளாஸ்டர் மாவு கலக்கிறவர். சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்கார்ந்து உட்கார்ந்தே கைமொழி கற்றுக்கொண்டார். அவர் விரலில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பேசினாலும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை முதலாளி தன் போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அதில் நான். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். பிறகு மாவுக்காரரிடம் ஏதோ சொன்னார். மாவுக்காரர் எனக்குச் சொல்லத் தயங்கினார். விடவில்லை. சொன்னார்:

"இவ்வளவு சாதுவான பொண்ணு. பெரிய மேசைல உக்காந்து இன்னொருத்தர் செஞ்ச பல்ல திருப்பி அனுப்புவாளா? வாங்கிவெச்சுக்கிட்டு தானே உக்காந்து சரிபண்ணிட்டு இருப்பா. பாவம், அவளுக்கு எதுக்கு அந்தத் தலைவலி."

"நேத்துதான் சார் என் அச்ச குப்பைல போட்டா" என்றாராம் மாவுக்காரர். முதலாளி சிரித்தாராம். நகைச்சுவை என்று நினைத்தாராம்.

நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். இங்கே செய்யும் ஒவ்வொரு பல்செட்டும் வெளியே போகும்முன் பெரிய மேசைக்கு வரும். அங்கே உட்காருகிறவர் சரி என்றால்தான் அது ஒரு வாய்க்குள் போகும். எட்டுப் பேர் வேலையை அவர் பார்க்கவேண்டும். ஜன்னல் இருக்கும் ஒரே மேசை அது. நான் மூலையில் குழல்விளக்கின் கீழ் உட்கார்ந்து பல்லுக்கு நிறம் பார்க்கிறேன். பல் டாக்டர்கள் இப்போது நோயாளியின் வாயைப் போனில் பிடித்து அனுப்புகிறார்கள். போன் எல்லோர் பல்லையும் வெளுக்கிறது. கேட்காமலே வெளுக்கிறது. அந்தப் படத்தை நம்பிச் செய்தால், வாய்க்குள் அந்த ஒரு பல் மட்டும் சுவரில் புதிதாகப் பூசிய இடம்போலத் தெரியும். எத்தனை தடவை செய்து, எத்தனை தடவை உடைத்தேன்.

அந்த மூலையை எனக்கு வாங்கிக்கொடுத்தது யார்? வேலைக்குச் சேர்ந்த அன்று நீதான் என்னோடு உள்ளே வந்தாய். பெரிய மேசையில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன். நீ சொன்னது: "எந்த மூலைல உக்காரவெச்சாலும் சந்தோஷமா செய்வா சார்." மாவுக்காரர் அன்று அந்த அறையில் அச்சு அடுக்கிக்கொண்டிருந்தார். கைமொழி வந்த பிறகு, போன மாதம்தான், பேச்சுவாக்கில் சொன்னார். நான் அதைச் சொன்னேன் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம்.

கையால் பேசுவது காற்றோடு போய்விடும். யாரும் திருப்பிப் பார்க்க முடியாது. நான் என்ன பேசினேன் என்பதற்கு என் ஆயுசு முழுக்க நீ ஒருவன்தான் சாட்சி. உன் வாய்க்கு வந்ததுதான் என் பேச்சு. இப்போது முதல் தடவையாக என் கை ஒரு கண்ணாடிக்குள் பிடிபட்டிருக்கிறது. நிறுத்தலாம். பின்னால் ஓட்டலாம். தெரிந்தவர் யாரும் படிக்கலாம்.

படித்தார்கள். யாரோ ஒரு பெண், காது கேளாதவள், உன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாள்: "எழுத்து ஒன்று சொல்கிறது, கை வேறு சொல்கிறது. இவள் யாரையோ வராதே என்கிறாள்." மறுநாள் பார்த்தேன். அந்த வரி இல்லை. வயலின் இருக்கிறது. கண்ணீர் பொம்மைகள் இருக்கின்றன. அவளை மட்டும் எடுத்துவிட்டாய்.

28ஆம் தேதி முதலாளி முடிவு சொல்கிறார். அதற்குள் திருத்து.

தங்கை

மார்ச் 19

வாலுக்கு,

எடுத்துவிட்டேன். முழுவதையும். இப்போது அப்படி ஒரு வீடியோவே இல்லை. கடை முதலாளி முகம் தொங்கிப்போய்விட்டது. என்னை மறுபடி நிற்கவைத்துத்தான் பேசுகிறார். பரவாயில்லை.

அந்தப் பெண் எழுதியதை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என்னைப் பொய்யன் என்றால் நான் சும்மா இருக்கவேண்டுமா?

நீ எழுதியதெல்லாம் சரி என்றே வைத்துக்கொள். என் பக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பார்த்து முதலில் கேட்பது "தங்கச்சி என்ன சொல்றா?" நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டவர் யாராவது உண்டா? தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பேன். அம்மா கூப்பிடுவாள், டாக்டரிடம் போக வேண்டும், நீ வா. டீச்சரைப் பார்க்க வேண்டும், நீ வா. பந்து அங்கேயே கிடக்கும். உன் கோபத்தையெல்லாம் என் வாயால் சொல்லி நான் அறை வாங்கியிருக்கிறேன். கடைக்காரனை நீ திருடன் என்றாய், அப்படியே சொன்னேன். அவன் யாரை அறைந்தான்? உன்னையா? அதற்குப் பிறகுதான் மழுப்பக் கற்றுக்கொண்டேன். நீ கையை வீசிவிட்டு நின்றுகொள்வாய். அடி விழுவது வாய் இருக்கிறவன் மேல்.

சரி, விடு. ஒன்று செய்கிறேன். 28ஆம் தேதி லீவு போட்டுவிட்டேன். நானே வந்து உன் முதலாளியிடம் பேசுகிறேன். அது வெறும் வீடியோ சார், என் தங்கை சாதுவெல்லாம் இல்லை, எட்டுப் பேர் என்ன, பதினெட்டுப் பேரையும் மேய்ப்பாள் என்று நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் கேட்பார். எனக்குப் பேசத் தெரியும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: சாப்பிடுகிறாயா?

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

கடைக்காரன் அறைந்தது எனக்குத் தெரியாது. நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பல்வலி" என்றாய். அதைக்கூட எனக்கு மாற்றித்தான் சொன்னாய்.

அதற்காக நான் இறங்கி வரமாட்டேன்.

நீ எடுத்தது உன்னிடம் இருந்ததை மட்டும். முதலாளி போனில் அது இருக்கிறது. மாடி வீட்டுக்காரி போனில் இருக்கிறது. முகம் தெரியாத யார் யாரோ தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் காலை வணக்கம் சொல்வதற்கு என்னைப் பயன்படுத்துகிறார். நீ அழித்ததில் போனது உன் பெயர் மட்டும்தான்.

அதில் ஒன்றை எடுத்தேன். உன் எழுத்தை ஒரு கறுப்புப் பட்டையால் மறைத்தேன். பட்டையின் மேல் நான் சொன்னதை வெள்ளையில் எழுதினேன். பெரிய மேசை. நீ வராதே. போன தடவை பேசியது போதும். என் வாயை என்னிடம் கொடு. கை பாதி தெரியாத இடங்களில் "இங்கே என் கையை வெட்டியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். வயலினை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் பாடு.

என் பெயரில் போட்டேன். யாரும் அழவில்லை. பார்த்தவர்களும் கொஞ்சம்தான். அதில் சிலர் "திமிர்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிகளை நான் எடுக்கவில்லை. நீ யாரை எடுத்தாயோ அந்தப் பெண் வந்தாள். தன் கையால் ஒரு வீடியோ அனுப்பினாள், எழுத்தே இல்லாமல். அவள் சொன்னதை உனக்கு மொழிபெயர்க்கமாட்டேன்.

28ஆம் தேதி வராதே.

இரண்டாவது தடவையும் எழுதுகிறேன். வராதே.

தங்கை

மார்ச் 25

வாலுக்கு,

பார்த்தேன். கடையில் வைத்துத்தான் பார்க்க நேர்ந்தது. பில் போடுகிறவள் காட்டினாள். "அண்ணே, இது உங்க தங்கச்சிதானே? அப்ப அந்த 'உன் குரல்தான் என் குரல்' யாரு சொன்னது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவன், "அதுவும் அண்ணன் குரல்தான்" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மத்தியானம் ஒரு மெத்தைகூட விற்க முடியவில்லை.

உன் அண்ணி சொல்கிறாள்: "அவதான் வராதேன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டாளே, இன்னும் என்ன வெக்கமில்லாம போறீங்க?" அம்மா போனைக் கீழே வைப்பதே இல்லை. நீ போட்டதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். நம் கைமொழி அம்மாவுக்கு அரைகுறைதான். எழுத்தைப் படித்துவிட்டு உன் கையைப் பார்க்கிறாள், மறுபடி எழுத்தைப் படிக்கிறாள். "இவ இவ்வளவு பேசுவாளாடா?" என்று கேட்டாள்.

போட்ட லீவை நான் ரத்து செய்யவில்லை.

வருகிறேன். வரவேண்டாம் என்றாலும் வருகிறேன். உள்ளே வரமாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நான் வராவிட்டால் உனக்கு யார் பேசுவார் என்று கேட்டு இந்த வரியை ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரிகிற மாதிரியே அடித்திருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணா,

நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன், நீ அம்மாவிடம் வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால்.

முதலாளி அறைக்குள் நுழைந்ததும் போனை எடுத்து, அவர் மேசையில் இருந்த பிளாஸ்டர் தாடைகள்மேல் சாய்த்துவைத்தேன். என் கை முழுக்கத் தெரிகிறதா என்று பார்த்தேன். பதிவை ஓடவிட்டேன். "எதுக்கும்மா இது?" என்றார். அவர் முகத்திலேயே கேள்வி தெரிந்தது. காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: "நான் பேசினதை நாளைக்கு யாரும் மாத்தாம இருக்க." அவருக்குப் பிடிக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

என் கை சொல்வதை அவருக்குச் சொல்ல மாவுக்காரர் வந்து நிற்பதாக ஏற்பாடு. அவரைக் கூப்பிட எழுந்தேன். அதற்குள் கண்ணாடிக் கதவு வழியாக முதலாளி உன்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அண்ணன் வந்திருக்காரே, அப்புறம் என்ன. உள்ள வாங்க சார்."

நீ வந்தாய். வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய், வந்தாய். நான் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். போனைக் கொஞ்சம் திருப்பினேன், நீயும் தெரியும்படி. என் கையும் உன் வாயும் ஒரே சட்டத்தில். உன்னிடம் சொன்னேன்: "பேசு. ஓடிக்கிட்டிருக்கு."

அவர் கேட்டார்: "எட்டுப் பேர். எல்லாம் இவளுக்கு முன்னாடி சேந்தவங்க. அதட்டுவாளா?"

நான்: "அதட்டமாட்டேன். சரியில்லாத பல்லைத் திருப்பி அனுப்புவேன். நீங்க செஞ்சதா இருந்தாலும்."

நீ போனைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் மாவுக்காரரோடு உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தேன். வார்த்தை வார்த்தையாகக் கையில் சொன்னார். "சரியில்லாத பல்ல திருப்பி அனுப்புவாளாம் சார்." பிறகு மீதியையும் சொல்கிறாய். "நீங்க செஞ்சதா இருந்தாலும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, பாப்போம். ஒண்ணு பண்ணுங்க. ஏதாவது பிரச்சினைன்னா உங்க நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாங்க உங்ககிட்ட பேசிக்கிறோம், நீங்க இவளுக்கு எடுத்துச் சொல்லிடுங்க."

இதை நீ எனக்கு மாற்றாமல் சொன்னாய். அதைக் கவனித்தேன். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்ததையும் கவனித்தேன்.

நான் சொன்னேன்: "எழுதாதே. என்கிட்ட பேசணும்னா என்கிட்ட பேசட்டும். உன் நம்பர் இல்லாம அந்த மேசை எனக்கு வேணும். உன் நம்பரோட சேத்துத்தான்னா வேண்டாம்."

நீ பேனாவோடு அவர் பக்கம் திரும்பினாய். நான் அந்த மேசையை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன் வாயைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன், அது மாறியது.

சாயங்காலம் மாவுக்காரர் சொன்னது, நீ சொன்னது: "என் நம்பர் வேண்டாங்கறா சார். என் நம்பர் இருந்தா அந்த மேசையே வேண்டாமாம்."

அதோடு நின்றது. "தப்பா எடுத்துக்காதீங்க சார்" இல்லை. "சின்னப் பொண்ணு சார்" இல்லை. மாவுக்காரரிடம் மறுபடி ஓட்டச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை. பேனாவை மூடிப் பையில் வைக்கிறாய்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் முதலாளி. நீ வெளியே வந்து நேராகப் பஸ்ஸுக்குப் போனாய். நானும் கூப்பிடவில்லை. அந்தப் பதிவை யாருக்கும் அனுப்பமாட்டேன். அழிக்கவும் மாட்டேன். உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை, அதையும் யோசித்துத்தான்.

இன்று காலை வரை முதலாளி யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும். என் மூலைக்குப் போய்க் கத்தி, மெழுகு, சின்ன விளக்கு எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவைத்தேன். பெரிய மேசைக்குக் கொண்டுபோனேன். நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்த பல்செட்டு கடைவாய்ப் பக்கம் உயரமாக இருந்தது. திருப்பி அனுப்பினேன்.

தங்கை